‘தெரனோஸ்டிக்ஸ்’ என்பது நானோ துகளா? அப்பாவின் சிகிச்சையைத் தள்ளிப் போடலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. புரோஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. ஹார்மோன் ஊசியும் கீமோவும் பார்த்தாகிவிட்டது. கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனை ‘தெரனோஸ்டிக்ஸ்’ செய்யலாம் என்கிறது. இதற்கிடையில் மாமா ஒருவர் வாட்ஸ்அப்பில் காணொளி அனுப்பியிருக்கிறார்: நானோ துகள் உடம்புக்குள் போய், புற்றுநோயைத் தேடிப் பிடித்து, படமும் காட்டி, அங்கேயே அழித்துவிடுமாம். இரண்டும் ஒன்றுதானா? இல்லையென்றால் நானோ வரும்வரை பொறுத்திருக்கலாமா? அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் சிறுநீரகம் தாங்குமா? தெரிந்தவர் ஒருவர் விற்கும் ‘நானோ தங்கத் தண்ணீரை’ கொடுக்கலாமா?

நேரடியாகவே சொல்கிறேன். இரண்டும் ஒன்றல்ல. மருத்துவமனை சொல்வதில் நானோ துகள் எதுவும் கிடையாது. லுட்டீசியம்-177 என்ற கதிரியக்க அணுவைச் சுமந்துகொண்டு போகும் ஒரு சின்ன மூலக்கூறுதான் அது. காணொளியில் வருவது பெரும்பாலும் எலிகளிடம் நடந்தது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நான் மருத்துவன் இல்லை. பினாங்கில் அணு மருத்துவப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராக வேலை பார்த்தவன். அப்பாவுக்கு எது பொருந்தும் என்று முடிவெடுக்க வேண்டியவர் அவருடைய புற்றுநோய் நிபுணர். இந்தத் துகள்களால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை நான் விளக்கலாம்.

தெரனோஸ்டிக்ஸ் என்பது நோயைக் கண்டுபிடிக்கும் பொருளையே மருந்தாகவும் கொடுப்பது. இது பழைய யோசனை. 1941இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் தைராய்டு நோயாளிக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார். தைராய்டு தானாகவே அயோடினை இழுத்துக்கொள்ளும் என்பதால், எங்கே போகிறது என்று அளக்கவும் முடிந்தது, அங்கேயே சிகிச்சை செய்யவும் முடிந்தது. உங்கள் அப்பாவுக்குச் சொல்லியிருப்பதும் இந்த வழியில் வந்ததுதான். புரோஸ்டேட் புற்றுசெல்களின் மேற்பரப்பில் பிஎஸ்எம்ஏ என்ற புரதம் நிறைய இருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறில் முதலில் காலியம்-68 போன்ற கதிரியக்க அணுவை மாட்டி, அது எங்கே சேர்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுப்பார்கள். காலியம்-68இன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம், 68 நிமிடம்தான். படம் எடுக்க அது போதும். கட்டிகள் நன்றாக ஒளிர்ந்தால், அதே புரதத்தைப் பிடிக்கும் மூலக்கூறில் லுட்டீசியம்-177 மாட்டிக் கொடுப்பார்கள். அதன் அரை ஆயுள் 6.6 நாள். அது வெளிவிடும் பீட்டா கதிர் திசுவில் அதிகபட்சம் இரண்டு மில்லிமீட்டர் அளவே போகும் என்பதால், சுற்றியுள்ள நல்ல திசுவுக்குச் சேதம் குறைவு. கூடவே கொஞ்சம் காமா கதிரும் வரும். சிகிச்சைக்குப் பிறகு காமா கேமராவில் மருந்து எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க அது உதவும்.

இது எவ்வளவு பயன் தரும்? விஷன் என்ற பெரிய ஆய்வில் 831 பேர் பங்கெடுத்தார்கள்; எல்லோருமே ஹார்மோன் மாத்திரையும் கீமோவும் பார்த்தவர்கள். வழக்கமான கவனிப்போடு லுட்டீசியமும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 15.3 மாதம், பெறாதவர்களுக்கு 11.3 மாதம். அதை வைத்து 2022இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நான்கு மாதம்தானா என்று கேட்கத் தோன்றும். சிலருக்கு அதைவிட நிறையக் கிடைக்கிறது, சிலருக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை. பக்கவிளைவாக வாய் வறண்டு போகும், களைப்பு இருக்கும், ரத்த அணுக்கள் குறையலாம். முழுதாகக் குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் மனிதர்களிடம் சோதித்து, எண்ணிக்கையோடு நிரூபித்த சிகிச்சை இது.

இனி நானோ துகளுக்கு வருவோம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். சிவப்பணு ஒன்றின் அகலமே ஏழாயிரம் நானோமீட்டருக்கு மேல் இருக்கும். மருத்துவத்தில் பேசப்படும் துகள்கள் பெரும்பாலும் சில நானோமீட்டரிலிருந்து நூறு, நூற்றைம்பது வரை. இவ்வளவு சின்னதாக இருப்பதால் என்ன லாபம்? 1986இல் ஜப்பானில் மட்சுமுராவும் மயேதாவும் ஒன்றைக் கவனித்தார்கள். கட்டி வேகமாக வளரும்போது அதற்கு உருவாகும் ரத்தக்குழாய்கள் அரைகுறையாகவே உருவாகின்றன. சுவரில் இடைவெளிகள் இருக்கும். பெரிய மூலக்கூறுகள் அந்த இடைவெளி வழியாகக் கசிந்து உள்ளே தங்கிவிடும், வெளியேற வடிகாலும் சரியாக இருக்காது. துகளை ரத்தத்தில் விட்டால் அதுவே கட்டியைத் தேடிப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை இதிலிருந்துதான் பிறந்தது. அடுத்த முப்பது ஆண்டு ஆராய்ச்சி இதைச் சுற்றியே ஓடியது என்று சொல்லலாம்.

ஆனால் 2016இல் டொராண்டோவில் வாரன் சானின் குழு, அதற்கு முந்திய பத்து ஆண்டுகளில் வெளிவந்த விலங்கு ஆய்வுகளை மொத்தமாக எடுத்துக் கணக்குப் பார்த்தது. ஊசியில் போட்ட துகள்களில் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தது, இடைநிலைக் கணக்கில், 0.7 விழுக்காடு. நூறு போட்டால் ஒன்று கூட இல்லை. இந்தக் கணக்கு முறையே சரியில்லை என்று வாதிட்டவர்களும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. சாதாரண கீமோ மருந்தும் முழுவதாகக் கட்டிக்குள் போவதில்லை. ஆனால் சாதாரண மருந்து உடைந்து வெளியேறிவிடும். துகள் அப்படி இல்லை, எங்கேயாவது போய்த் தங்கும்.

எங்கே தங்கும்? பெரும்பாலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும். அந்நியப் பொருளைப் பிடித்து விழுங்குவதற்கென்றே அங்கே செல்கள் இருக்கின்றன. ஏறக்குறைய ஆறு நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் சிறுநீரகம் வடிகட்டிச் சில மணி நேரத்தில் வெளியே அனுப்பிவிடும். அதற்கு மேலே போனால் கல்லீரல் பொறுப்பு. இன்னொரு தொல்லையும் உண்டு. துகளின் மேல் புற்றுசெல்லைப் பிடிக்கும் கொக்கியை ஆய்வகத்தில் எவ்வளவு அழகாகப் பொருத்தினாலும், ரத்தத்தில் விட்ட சில நொடியில் ரத்தப் புரதங்கள் அதன்மேல் படிந்துவிடும். பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் தைப்பூசக் கூட்டத்துக்குள் வெள்ளைச் சட்டையோடு போனவர் திருநீறும் மஞ்சளுமாக வெளியே வருவாரே, அந்த மாதிரி. உடம்பு பார்ப்பது நாம் செய்த துகளை இல்லை, அந்தப் பூச்சை.

எலியில் நன்றாக வேலை செய்தது மனிதரிடம் ஏன் தடுமாறுகிறது என்பதற்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். 20 கிராம் எலிக்கு அரை கிராம் கட்டி என்றால், 70 கிலோ மனிதருக்கு அது ஒன்றே முக்கால் கிலோ கட்டிக்குச் சமம். அதுவும் சில வாரங்களில் அவசரமாக வளர்ந்த கட்டி. ரத்தக்குழாயில் இடைவெளி ஏராளம். மனிதருக்குப் பல ஆண்டுகளாக மெல்ல வளரும் கட்டியில், ஒரே ஆளுக்குள்ளேயே ஓரிடத்தில் கசிவு இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. காணொளி பார்க்கும்போது எலிப் படமா, நோயாளிப் படமா என்று முதலில் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு நானோ துகளே பொய் என்று முடிவு கட்ட வேண்டாம். மருத்துவமனைகளில் அது சத்தமில்லாமல் ரொம்ப நாளாக இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் அறுவைக்கு முன், கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவைக் கண்டுபிடிக்க டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றிய கூழ்மம் ஊசி போடுவார்கள். அந்தக் கூழ்மத்தில் இருப்பவை நானோ அளவுத் துகள்கள்தாம். யாரும் அதை நானோ என்று விளம்பரம் செய்வதில்லை, அவ்வளவுதான். கொழுப்புக் குமிழிக்குள் டாக்சோருபிசின் என்ற கீமோ மருந்தை அடைத்த டாக்சில் 1995இலேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. இதயத்துக்கு வரும் சேதம் அதில் குறைவு. பதிலுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியும்.

படம் எடுப்பதில் எனக்குப் பிடித்தது இரும்பு ஆக்சைடுத் துகளின் கதை. எம்ஆர்ஐ படத்தில் இரும்புத் துகள் இருக்கும் இடம் கறுத்துவிடும். ஊசி போட்டதும் கல்லீரலின் விழுங்கு செல்கள் துகளை அள்ளிக்கொள்ளும், நல்ல கல்லீரல் முழுக்கக் கறுக்கும். புற்றுக் கட்டியில் அந்தச் செல்கள் இல்லை என்பதால் கட்டி மட்டும் வெளிச்சமாகத் தெரியும். துகள் கட்டியைத் தேடிப் போகவே இல்லை, பாருங்கள். கட்டியைத் தவிர மற்ற இடத்துக்கெல்லாம் போனது, அதனாலேயே கட்டி காட்டிக்கொடுக்கப்பட்டது. கல்லீரல் பிடித்துக்கொள்வது மற்ற துகள்களுக்குத் தோல்வி என்றால் இதற்கு அதுவே வேலை. ஃபெரிடெக்ஸ் என்ற பெயரில் 1996இல் இது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அரைமணி நேரம் சொட்டு சொட்டாக ஏற்ற வேண்டும், சிலருக்கு முதுகு வலிக்கும். சட்டென்று போட்டு உடனே படம் எடுக்கும் கடோலினியம் (எம்ஆர்ஐ படத்தைத் தெளிவாக்கும் ஓர் உலோகம்) மருந்துகள் வந்த பிறகு ரேடியாலஜிஸ்டுகள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஃபெரிடெக்ஸ் சந்தையிலிருந்தே மறைந்தது.

அப்பாவின் நோய்க்கு நெருக்கமான கதையும் ஒன்று உண்டு. 2003இல் ஃபெருமோக்ஸ்ட்ரான் என்ற இரும்புத் துகளை 80 புரோஸ்டேட் நோயாளிகளிடம் சோதித்தார்கள். புற்றுநோய் பரவிய நிணநீர்க் கணுக்களில் சாதாரண எம்ஆர்ஐ பிடித்தது 35.4 விழுக்காடு, துகளோடு எடுத்தது 90.5 விழுக்காடு. அந்தக் காலத்தில் இது பெரிய செய்தி. ஆனால் ஐரோப்பிய அனுமதிக்கான விண்ணப்பத்தை 2007இல் நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் விடாமல் அதைத் தொடர்ந்தார்கள். இன்றைக்கு அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்வது பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன். நானோ துகள் போட்டியில் சின்ன மூலக்கூறிடம் தோற்ற இடம் என்று இதைச் சொல்வேன்.

சரி, மாமாவின் காணொளியில் வரும் ‘எல்லாம் ஒன்றில்’ துகள்? ஒரே துகளுக்குள் படம் எடுக்கும் பொருள், மருந்து, கொக்கி மூன்றையும் வைப்பது. இதில் எனக்கு அடிப்படையிலேயே ஓர் ஆட்சேபம் உண்டு. படம் எடுக்கும் பொருள் சீக்கிரம் ரத்தத்திலிருந்து போய்விட வேண்டும், அப்போதுதான் பின்னணி தெளியும். மருந்தோ நெடுநேரம் சுற்ற வேண்டும். ஒன்றுக்கு நல்லது மற்றதற்குக் கெடுதல். அளவும் ஒத்துப்போகாது, பெட் ஸ்கேனுக்கு நம்பமுடியாத அளவு குறைவான பொருள் போதும், எம்ஆர்ஐக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும், மருந்தின் அளவு இவை இரண்டிலிருந்தும் வேறு. இதெல்லாம் பொறியியல் சிக்கல், என்றைக்காவது தீரலாம். தீராதது ஒன்று இருக்கிறது. உங்கள் அப்பாவுக்குச் செய்யப்போகும் முறையின் பலமே முதலில் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுப்பதுதான். பெட் படத்தில் கட்டி ஒளிரவில்லை என்றால் லுட்டீசியம் கொடுக்க மாட்டார்கள். வீண் கதிர்வீச்சும் இல்லை, வீண் செலவும் இல்லை. படமும் மருந்தும் ஒரே துகளில் இருந்தால், படம் ‘வேண்டாம்’ என்று சொல்லும்போது மருந்து ஏற்கனவே உடம்புக்குள் இருக்கும். பிறகு பார்த்து என்ன செய்வது?

அதனால்தான், துகள் உள்ளே சும்மா கிடந்து, வெளியிலிருந்து நாம் இயக்கினால் மட்டும் வேலை செய்யும் வகைகளே மனிதர்கள் வரை வந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். பிரான்சில் உருவான ஏகுயிக்ஸ் துகளில் கடோலினியம் இருக்கிறது, அளவு ஐந்து நானோமீட்டர் போல. மூளைக்குப் பரவிய புற்றுநோய் உள்ள 15 பேரிடம் கிரனோபிளில் முதல் கட்டச் சோதனை நடந்தது. எம்ஆர்ஐயில் துகள் கட்டிகளுக்குள் போயிருப்பது தெரிந்தது, அதன் பிறகு கதிர்வீச்சு கொடுத்தார்கள். கன உலோகம் இருக்கும் இடத்தில் கதிரின் தாக்கம் கூடும் என்பது கணக்கு. சிறுநீரில் வெளியேறிவிடும் அளவு என்பதும் நல்ல விஷயம். ஹாஃப்னியம் ஆக்சைடுத் துகள் இன்னும் நேரடி: ரத்தத்தில் விடுவதே இல்லை, கட்டிக்குள்ளேயே ஊசி போட்டு விடுவார்கள். மென்திசுப் புற்றுநோயில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்குக் கட்டி ஏறக்குறைய முழுதாக அழிந்திருந்தது, துகளும் சேர்ந்தபோது 16 விழுக்காடு. 2019இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. பெர்லினில் உருவான இரும்புத் துகள் முறைக்கு 2010இலேயே அனுமதி வந்தது. மூளைக் கட்டிக்குள் துகளைச் செலுத்தி, மாறுகாந்தப் புலத்தில் வைத்துச் சூடாக்குவார்கள். பல்லில் உலோக அடைப்பு இருந்தால் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். அந்தத் துகளே பிறகு எம்ஆர்ஐ படத்தைக் கெடுத்துவிடும் என்பது வேடிக்கை.

தங்கத் துகளும் உண்டு. டெக்சாஸ் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலாஸ், ஜெனிஃபர் வெஸ்ட் குழுவினர் செய்த, சிலிக்கா உருண்டைமேல் தங்க ஓடு போர்த்திய துகள். புரோஸ்டேட் சுரப்பியோடு நின்றுவிட்ட புற்றுநோய்க்கு அதைச் செலுத்தி, மறுநாள் அகச்சிவப்பு லேசரால் சூடாக்கிக் கட்டியைச் சுட்டார்கள். 2019இல் வெளிவந்த முடிவில் 16 பேரில் 15 பேருக்குச் சிகிச்சையைத் திட்டப்படி முடிக்க முடிந்தது. மாமாவின் காணொளி இதிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ஆனால் லேசர் இழையைக் கட்டிக்குள் செருகித்தான் இதைச் செய்ய முடியும். எலும்பில் பல இடங்களில் பரவிய பிறகு இந்த முறைக்கு வேலையில்லை.

நம் நாட்டில்? யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) போன்ற பல்கலைக்கழகங்களில் தங்கம், பிஸ்மத் ஆக்சைடு முதலிய துகள்களைக் கதிர்வீச்சோடு சேர்த்துச் சோதிக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. நல்ல வேலை, ஆனால் ஆய்வகச் செல்கள் அளவில். யாராவது ‘சோதனை சிகிச்சை’ என்று அழைத்தால், தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் எண் என்ன, எந்த நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்தது என்று கேளுங்கள். முறையான சோதனையில், சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் பணம் கேட்கும் வழக்கம் இல்லை.

சிறுநீரகம் பற்றிய கேள்வி முக்கியமானது. நம் சமூகத்தில் சர்க்கரை எவ்வளவு என்பது தெரிந்ததே. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. சிறுநீரகம் ரொம்பப் பழுதானவர்களுக்குப் பழைய வகைக் கடோலினியம் கொடுத்தால் தோலும் உறுப்புகளும் இறுகிப்போகும் நோய் வரக்கூடும் என்று 2006 வாக்கில் தெரியவந்தது. இப்போது பயன்படும் வளைய வடிவ மருந்துகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு. சிடி ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்து வேறு. சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்வது அதற்காகத்தான். இரும்புத் துகளுக்கு மறுபடி மவுசு வந்ததும் இங்கேதான். ஃபெருமோக்ஸிடால் என்பது சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. சிறுநீரகத்தை நம்பாமல் உடம்பே அந்த இரும்பைப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதால், சில ரேடியாலஜிஸ்டுகள் கடோலினியத்துக்குப் பதில் அதைப் போட்டு எம்ஆர்ஐ எடுக்கத் தொடங்கினார்கள். அதிலும் கடும் ஒவ்வாமை ஆபத்து உண்டு; 2015இல் அமெரிக்க அரசு உச்சக்கட்ட எச்சரிக்கை போட்டது. லுட்டீசியம் மருந்தும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். ஆகவே சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் அப்பாவின் ரத்தக் கிரியேட்டினின் அளவைப் பார்க்காமல் யாரும் தொடங்க மாட்டார்கள். தொடங்கினால் நீங்கள் நிறுத்திக் கேளுங்கள்.

தங்கத் தண்ணீர் வேண்டாம். வாயால் குடித்த தங்கத் துகள் எலும்பில் இருக்கும் கட்டிக்குப் போய்ச் சேரும் என்பதற்கு ஆதாரமே இல்லை. மேலே சொன்ன சோதனையில் துகள் போனது ரத்தநாளம் வழியாக, அதுவும் லேசர் இல்லாமல் அது ஒன்றும் செய்யாது. தங்க பஸ்பமும் நானோதானே என்று கேட்பார்கள். சில பஸ்ப மாதிரிகளில் நானோ அளவுத் துகள் இருப்பதாக ஆய்வுகள் உண்டு. துகள் சின்னதாக இருப்பதாலேயே அது மருந்தாகிவிடாது. அமெரிக்காவில் விற்கப்பட்ட ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஏற்கனவே தளர்ந்த சிறுநீரகத்துக்கு இது தேவையா? பாட்டிலில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மருந்துகளைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏயின் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள். எண்ணின் கடைசியில் ஆங்கில ‘T’ எழுத்து இருந்தால் அது பாரம்பரியத் தயாரிப்பு. அந்தப் பதிவு புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கான சான்று இல்லை. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதே 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். விற்பவர் சொந்தக்காரராக இருந்தாலும் சட்டம் அதேதான்.

கோலாலம்பூருக்குப் போகும்போது பிஎஸ்எம்ஏ பெட் படத்தையும் பழைய சிடி ஸ்கேன் படங்களையும் குறுவட்டில் வாங்கி எடுத்துப் போங்கள். எல்லாக் கட்டிகளும் ஒளிர்கின்றனவா, ஒளிராத கட்டி ஏதும் சிடியில் தெரிகிறதா என்று கேளுங்கள். ஒளிராத கட்டிக்கு இந்த மருந்து போகாது. ரத்த அணு எண்ணிக்கை, கிரியேட்டினின் இரண்டும் கையில் இருக்கட்டும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் ஆறு முறை என்பது வழக்கமான திட்டம். எத்தனையாவது முறைக்குப் பிறகு பிஎஸ்ஏ (புரோஸ்டேட் நோயின் போக்கைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்த்து, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் கை வைக்கும் முன் புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்க முடியுமா என்று உங்கள் அரசாங்க மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே அணு மருத்துவப் பிரிவு இருக்கிறது. அப்புறம், சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் சில நாள் அப்பா நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும், இரண்டு முறை ஃபிளஷ் செய்யட்டும். பேரப்பிள்ளைகள் மடியில் ஏறுவதற்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதை மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் அளந்து பார்த்துச் சொல்வார்.